கடைசி வரிசைக்கும் தெரியணும்

“படத்து மேல யாரு இந்தக் கறுப்புப் பட்டையைப் போட்டது?”

கட்டடம் கட்டித் தரும் அண்ணன், கணினியில் தான் கட்டிய வீட்டின் படத்தைப் பார்த்துக் கத்தினான். அவனுக்கு ஸ்லைடுகள் தயாரித்துக் கொடுக்கும் தங்கை நிமிர்ந்தாள்.

“நான்தான். சுவரும் வெள்ளை, எழுத்தும் வெள்ளை. பின்னாடி பட்டை இருந்தாத்தான் படிக்க முடியும்.”

“எழுத்தைத் தூக்கி வானத்துல போடு. நீலத்துல பளிச்சுனு தெரியும்.”

“சரி. ஆனா பட்டை அங்கேயே இருக்கட்டும்ணே.”

“எழுத்தே இல்லாத பட்டை எதுக்கு? படத்துக்கு அடிபட்டுக் கட்டு போட்டிருக்கியா?”

“அப்ப வேற படம் வச்சுக்கலாமே?”

“வெயில்ல நின்னு நானே எடுத்த படம்! நாம கட்டினதை நாமளே மறைச்சா எவன் வேலை குடுப்பான்?”

“அண்ணே, அதுக்குக் கீழ...”

“சொன்னதைச் செய். எல்லாம் தெரியணும். கடைசி வரிசைக்கும் தெரியணும்.”

தங்கை பட்டையை எடுத்துவிட்டாள். எழுத்து வானத்துக்குப் போனது.

மறுநாள், புதிய கட்டடம் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த பள்ளி நிர்வாகிகளின் முன்னால் பெரிய திரை ஒளிர்ந்தது. ‘எங்கள் சுவர்களில் விரிசலே விழாது!’ என்ற வரியை அண்ணன் பெருமையாக வாசித்துக் காட்டினான்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“எழுத்து நல்லா தெரியுதுங்க. ஜன்னல்ல இருந்து தரை வரைக்கும் ஒரு கோடு இறங்குதே, அதுவும் நல்லா தெரியுது. அது என்னதுங்க?”

அண்ணன் மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் கணினியோடு இருந்த தங்கையைப் பார்த்தான்.

“அதுக்குத்தான்ணே கட்டு போட்டிருந்தேன்” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.