ஓடெலுக்கு இருபது ஆகிறது

டொலீடோ நகரத்தின் பனிக்கால மத்தியான வெளிச்சம் வெண்டலின் சமையலறை மேசை மேல் சாம்பலாய்க் கிடக்கிறது. மடிக்கணினியில், நண்பர்கள் எல்லோரும் சேர்ந்திருக்கும் குரல் அழைப்பில், ஆளுக்கொரு அணி வைத்து அவர்கள் கணினியில் ஆடும் கற்பனைக் கூடைப்பந்து லீக்கின் முகாம் நடக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். சிலர் தேறுவார்கள், சிலர் தேய்வார்கள். லீக்கை நடத்தும் லோர்னா முடிவுகளை வாசித்துக்கொண்டே வருகிறாள். அடுத்தது ஓடெல். தன் அணியில் இருந்த நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் கொடுத்து வெண்டல் வாங்கிய பத்தொன்பது வயதுப் பையன். அடிபட்டுவிடுமோ என்று பயந்து சீசன் முழுக்க அவனை பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டான். ஆடாதவன் வளரமாட்டான் என்பது நேற்றுதான் தெரிந்தது. ஓடெல் தேறாவிட்டால் மறுபடியும் கடைசி இடம்தான். வெண்டலின் அணியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். "பொத்திப் பொத்தி வச்சியே மாப்ள, குஞ்சு பொரிச்சுதான்னு பாப்போம்" என்று இன்னொரு அணிக்காரன் புரூயிட் சிரிக்கிறான். "சும்மா இருடா" என்கிறான் வெண்டல். "வெண்டல், வாசிக்கட்டுமா?" லோர்னாவின் குரல் இறங்கியிருக்கிறது. "ம்" என்கிறான். காப்பி ஆறி ஆடை கட்டியிருக்கிறது. விரல் தானாகப் போய் மடிக்கணினியின் சத்தத்தை அணைக்கிறது. திரையில் யார் பேசினாலும் அவர் பெயரைச் சுற்றிப் பச்சை வளையம் எரியும். லோர்னாவின் பெயர் எரிகிறது. பிறகு எல்லாப் பெயர்களும் ஒரே சமயத்தில் எரிகின்றன. சத்தத்தைத் திரும்பப் போட விரல் வரவில்லை.