ஈஸ்டருக்கு மறுவாரம்

ஈஸ்டர் கூட்டத்துக்காகக் கோயிலுக்குள் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை மறுநாளே கொட்டகைக்குக் கொண்டுபோய் அடுக்கிவிட்டார்கள். தூணுக்குப் பின்னால் கிடந்த ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை அந்த நாற்காலி சுற்றிலும் பார்த்தது. லில்லிப் பூ இல்லை, புதுத்துணி வாசனை இல்லை, பாதி இடம் காலி.

"பண்டிகைதான் முடிஞ்சுபோச்சே. இவங்கல்லாம் எதுக்கு வந்திருக்காங்க?" என்று பக்கத்திலிருந்த பழைய பெஞ்சிடம் கேட்டது.

"வாரா வாரம் வர்றவங்கதான்," என்றது பெஞ்சு.

அப்போது ஓர் அம்மா மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சலோமி டீச்சர். வியாழக்கிழமைதான் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணினாங்க," என்று பெஞ்சு கிசுகிசுத்தது.

வாரந்தோறும் சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். டீச்சரும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மூன்றாம் நாள் மரித்தோரிடத்திலிருந்து" என்ற இடத்தில் அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் "எழுந்தருளினார்" என்று சொல்லி முடித்தார்கள். அடுத்த வரியை அவரும் சேர்ந்து சொன்னார். நாற்காலியை இறுக்கிய பிடி மெல்லத் தளர்ந்தது.

ஆராதனை முடிந்து கோயிலைப் பூட்ட வந்த கோயில்பிள்ளை நாற்காலியைப் பார்த்துவிட்டார். கொட்டகைக்குத் தூக்கிப்போய் மற்றவற்றின் மேல் அடுக்கினார்.

"என்ன, கிறிஸ்துமஸ் வந்துருச்சா?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டது கீழே இருந்த நாற்காலி.

"இல்ல, ஈஸ்டர் நடக்குது."

"அது போன வாரமே முடிஞ்சிருச்சேப்பா!"

"முடியல. நாமதான் பாதியிலேயே கிளம்பி வந்துட்டோம்."