மடத்துக் கோவிலின் அசல் கதவு

கிறிஸ்தவத் துறவிகள் தங்கள் மடத்துக் கோவிலைப் பகட்டாகக் கட்டினார்கள். கூரையெல்லாம் மேகமும் சிறகு விரித்த சம்மனசுகளும், தூணெல்லாம் தங்கப்பூச்சு. வலப்பக்கம் ஒரு மரக்கதவு. இடப்பக்கச் சுவருக்கு அப்பால் வெறும் பாறை. ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. அதனால் அந்தச் சுவரில் ஒரு கதவை வரைந்துவைத்தார்கள்.

மரக்கதவுக்கு அதைக் கண்டாலே இளக்காரம். "ஏம்ப்பா, உன் வழியா ஒரு ஈயாவது போயிருக்கா?"

"இல்லைங்க. அதான் மேலே ஒரு கீறல்கூட இல்லை" என்றது ஓவியக்கதவு.

எதிரிப் படை கோவிலை உடைக்க வந்தபோது கோடாரி வெட்டு முழுவதையும் மரக்கதவுதான் வாங்கியது. பிற்பாடு, குளிர்காற்று வருகிறதென்று அதைக் கழற்றி வழியை அடைத்தார்கள். அந்தப் பக்கம் வெறிச்சென்று இருந்தது. ஓவியக்கதவைப் பார்த்து அங்கேயும் அப்படியே ஒன்றை வரைந்தார்கள். மரக்கதவுக்குக் கால்கள் அடித்து, பட அட்டை விற்கும் மேசையாக்கினார்கள்.

ஒருநாள் சுற்றிப்பார்க்க வந்தவர்களிடம் வழிகாட்டி சொல்வது அதன் காதில் விழுந்தது. "இடப்பக்கம் இருக்கிறதுதான் அசல் கதவு. வலப்பக்கம் போலி. ஏமாந்துடாதீங்க."

மரக்கதவு பொறுக்கமாட்டாமல் கிறீச்சிட்டது.

"மேசை ஆடுது பாருங்க" என்றார் வழிகாட்டி. அசல் கதவின் படம் போட்ட அட்டை ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, அதன் காலடியில் செருகினார்.