அவசர முத்திரை

இதை எனக்கு முதலில் சொன்னவர் பதிவறை எழுத்தர் மங்கையர்க்கரசி.

ஓர் அலுவலக மேசையில் 'அவசரம்' என்னும் ரப்பர் முத்திரை தலைமை வகித்தது. எந்தத் தாள் வந்தாலும் அதன் தலையில் ஓங்கிக் குத்தி, "அவசரம்!" என்று முழங்கும்.

ஒருநாள் அதன் கைப்பிடி ஆட்டம் கண்டது. இன்னொரு குத்துக்குத் தாங்காது, கழன்றால் குப்பைத்தொட்டிதான்.

"அவசரம்! அவசரம்!" என்று முத்திரை அலறியது.

கோந்துப் புட்டி கொட்டாவி விட்டது. "காலையில் வந்த பொங்கல் வாழ்த்துக்கும் இதையேதானே சொன்னீர்கள், ஐயா?"

முத்திரை முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தியது. "கைப்பிடி கழல்கிறது, தம்பி. கொஞ்சம் ஒட்டிவிடுகிறாயா?"

"இப்படிச் சொன்னால் புரிகிறதே!" என்று புட்டி உடனே இரண்டு சொட்டு விட்டது.

அந்த மேசையில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒட்டியதற்கெல்லாம் நிலுவையில் இருந்த நன்றி அன்று மாலை முத்திரையிடமிருந்து புட்டிக்கு வந்து சேர்ந்தது: மொத்தம் ஒன்று.