தன் பேரில் ஒரு அட்டை

“உங்களுக்கு இது தேவையே இல்லம்மா” என்று விளக்கத் தாளை மடித்து வைத்தார் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

மருந்துக்கடை மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். யார் வந்தாலும் தலையில் எதையாவது கட்டி அனுப்பும் ஆளில்லை அவர். அதனாலேயே இன்னும் அந்த மாடியில் இருக்கிறார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

எதிரே இருந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து இருக்கும். கணவர் அரசாங்கத்தில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். அவருடைய காப்பீட்டிலேயே மனைவிக்கும் கடைசி வரை வைத்தியம் உண்டு. ஐந்து காசு செலவில்லை.

“கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே!”

தனியார் பாலிசியின் குறைகளை அவரே எடுத்துச் சொன்னார். இந்த வயதில் பிரீமியம் யானை விலை. வருஷா வருஷம் ஏறும். சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி ஏற்கெனவே இருக்கும் நோய் என்றால் சில வருஷம் காத்திருக்க வேண்டும்.

அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை.

“எலும்பு முறிஞ்சா தம்பி?”

“அது விபத்து. அதுக்கு எதுக்குக் காத்திருக்கணும்? உடனே குடுத்துடுவாங்க.”

“வீட்டுக்குள்ள நடந்தாலும்?”

“விபத்துல வீடென்ன, வீதியென்ன?” என்று சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை.

ஏஜென்ட்டுக்கு லேசாக எரிச்சல் வந்தது. நல்லது சொன்னால் கேட்க வேண்டாமா?

“சார் பேர்ல இருக்கிற கார்டுல அப்படி என்னம்மா குறை கண்டீங்க?”

அம்மாள் வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“குறையெல்லாம் இல்ல. அவர் கார்டு. அவர் கூடவே வந்து கையெழுத்துப் போட்டாத்தான் வைத்தியம். என்ன ஆச்சும்மான்னு டாக்டர் என்னைத்தான் கேக்குறார். பதில் இவர் சொல்றார். போன தடவை, மாடிப்படியில விழுந்துட்டான்னு சொன்னார்.”

முந்தானையை இழுத்து இடது மணிக்கட்டை மூடிக்கொண்டார்.

“எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது தம்பி.”

ஏஜென்ட் மடித்த தாளை மறுபடி விரித்தார்.

“இதுல உங்க பேர் மட்டும் போதும்மா. நீங்களே தனியா போகலாம். டாக்டர்கிட்ட நீங்களே பேசலாம்.”

“எப்போலேருந்து?”

“விபத்துக்குன்னா... நாளைக் காலையிலேருந்து.”

அம்மாள், எதிரே இருப்பவரைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்:

“பரவாயில்ல தம்பி. இன்னிக்கு ஒரு ராத்திரிதானே.”