மஞ்சள் பூசிய தேங்காய்

ஜெயலெட்சுமியின் பையில் இருந்த அந்த மஞ்சள் பூசிய தேங்காயை விட்டுத் தயாளன் கண்ணை எடுக்கவே இல்லை.

தைப்பூசத் தேர் டத்தோ கிராமாட் சாலைக்குள் திரும்பிவிட்டது. வழிநெடுகத் தேங்காய் மலைமலையாகக் குவிந்து கிடக்க, இவள் மட்டும் ஏன் ஒற்றைத் தேங்காயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

துறைமுகத்தை வேவு பார்க்கும் கூட்டத்துக்குள் உளவுப் பிரிவு ஓர் ஆளை நுழைத்து இரண்டு வருடம் ஆகிறது. அவன் யாரென்று மேலதிகாரிக்கு மட்டுமே தெரியும். பினாங்கு அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் ஜெயலெட்சுமி அந்தப் பெயரைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டாள். பெயர் வெளியே போனால் அவன் இன்றைக்கே பிணம்.

அவள் கைப்பேசியை முடக்கியாயிற்று. காலையிலிருந்து தயாளனின் ஆட்கள் நான்கு பேர் ஒட்டிக்கொண்டே வருகிறார்கள். பெயர் எழுதிய சீட்டு அந்தத் தேங்காய்க்குள்தான், சத்தியமாக. வாங்க வருகிறவனையும் சேர்த்து அமுக்கிவிட வேண்டும் என்று தயாளனுக்குக் கை துறுதுறுத்தது.

கோலாலம்பூர் உளவுப் பிரிவிலிருந்து வந்த தன்னை அவளுக்கு அடையாளம் தெரியாது என்று நம்பி, அவளுக்கு ஓரடி முன்னால் நின்றான்.

உறுமி காதைப் பிளந்தது. தேர் நெருங்கியது. கூட்டம் நெருக்க, அவள் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

“அண்ணே, இத கொஞ்சம் முன்னுக்குக் கொடுங்க லா. தம்பி பேருக்கு. சிவநேசன், பூசம்.”

சாமி காரியத்துக்கு யார் முடியாது என்பார்கள்? ஆனாலும் கெட்டிக்காரன், வெற்றிலையைக்கூடப் புரட்டிப் பார்த்தான். சுத்தம். தட்டை முன்னால் நின்றவரிடம் கொடுத்து, உறுமிக்கு மேல் தொண்டை கிழியக் கத்தினான், “சிவநேசன், பூச நட்சத்திரம்!”

தட்டு கைக்குக் கை போனது. பேரும் வாய்க்கு வாய் தேர்வரைக்கும் போனது. தயாளனின் கண் மறுபடியும் தேங்காய்க்கு வந்துவிட்டது.

அதை வாங்க ஒருவனும் வரவில்லை. ஜெயலெட்சுமியே ஓங்கி அடித்தாள்.

தயாளன் தரையில் விழுந்து சில்லுகளைப் பொறுக்கினான். தண்ணீரும் பருப்பும்தான். பெண் காவலர்கள் அவளைக் கொண்டைமுதல் மெட்டிவரை சோதித்துவிட்டார்கள். ஒன்றுமே இல்லை. அவளும் முரண்டு பிடிக்கவில்லை.

ஜெயித்தாயிற்று! தயாளன் மூச்சிரைக்க மேலதிகாரியை அழைத்தான். ஒரு துண்டுச் சீட்டுகூடக் கைமாறவில்லை, வாங்குகிறவன் பயந்து ஓடியிருப்பான் என்று சந்தோஷத்தில் பொரிந்து தள்ளினான்.

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. இரண்டு வருடமாக வாய் திறக்காத மனிதர், இனி என்ன பயம் என்று நினைத்தாரோ என்னவோ.

“அப்பாடா. சிவநேசன் பொழச்சான், தம்பி.”