பாம்புக்குச் சூடு கொடுத்த தலைவர்

ஊட்டியில் மலைப்பாம்பு வளர்ப்பவர்தான் பெரிய மனிதர் என்றாகிவிட்ட காலம். பாம்புக்குக் குளிரெடுத்தால் வீட்டு வாசலில் மாட்டிய மின்பலகை சிவக்கும்; சிவந்தால் சங்கப் பதவி போகும். குடியிருப்போர் சங்கத் தலைவர் தணிகைநாதன் வீட்டில் விருந்தன்று, கண்ணாடிப் பெட்டியின் ஹீட்டர் நின்றுபோனது.

பழுது பார்க்க வந்தவள் ஜெசிந்தா. போன வருடம் இதே வீட்டுக்கு வேலைக்கு வந்தபோது அவள் சோபாவில் உட்கார்ந்து அழுக்காக்கிவிட்டதாகச் செயலியில் அவர் போட்ட ஒற்றை நட்சத்திரத்தால் ஆறு மாதம் வேலையில்லாமல் கிடந்தவள். அவருக்கு அவள் முகம்கூட நினைவில்லை.

“பார்ட்ஸ் வர மூணு மணி நேரமாகும் சார். அதுவரைக்கும் உடம்புச் சூடு கொடுக்கலாம்.”

“யார் உடம்பு?”

“ஓனரைத் தவிர யாரும் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சார் சங்கத்துல விதி போட்டீங்க? சட்டையைக் கழட்டிட்டுக் கீழ உட்காருங்க. சோபா வேண்டாம், அழுக்காயிடும்.”

எட்டடிப் பாம்பை வெற்று மார்பில் சுற்றிக்கொண்டு, தரையில் அமர்ந்தபடியே, தலைமைப் பண்புகள் பற்றிய உரையை அவர் வாசித்தார். விருந்தினர்கள் படமெடுத்தார்கள். ஜெசிந்தா சோபாவில் சாய்ந்து டீ குடித்தாள்.

ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் ஐந்து நட்சத்திரம் போட்டார். அவள் பையை மாட்டிக்கொண்டாள்.

“அடுத்த தடவை வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுத்தி உள்ளே வெச்சுடுங்க சார். அதுவே போதும்.”